பழைய முகத்துக்கு ஒரு விரதம்

நவம்பர் 1, சனி

குளிர் தொடங்கிவிட்டது. ரஜாய், பஞ்சுப் போர்வை, இரண்டையும் பின்பக்கக் கொடியில் வெயிலில் போட்டேன். தூக்கிப் போடுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பாச்சை உருண்டை நாற்றம் போகவில்லை.

காய்ச்சல்: இல்லை. இன்றோடு நாற்பத்தொரு நாள். எழுதும்போதே பயம், கண் பட்டுவிடும்.
கட்டி: இடது தொடையில் இரண்டு. பழையது, அமுங்கி வருகிறது. வலது மேல்கையில் ஒன்று, குழியாகிவிட்டது. புதியது இல்லை.
மாத்திரை: ஆறு.
வாங்க வேண்டியது: கடலை மாவு, மண்ணெண்ணெய், இவருக்குப் பனியன் இரண்டு.

காய்ச்சலையும் கட்டியையும் தினமும் குறித்துவைக்கச் சொன்னார் டாக்டரம்மா. அதற்காக இவர் ஆபீஸிலிருந்து இந்த டைரியைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதோடு மற்றதையும் எழுதிக்கொள்கிறேன். இவர் புரட்டிப் பார்க்கிற ஆள் இல்லை.

பதினோரு மணிக்குத் தபால். பாளையங்கோட்டையிலிருந்து மதினி, இவருடைய அக்கா. இன்லண்ட் கடிதத்தில் மடிப்பு ஓரம்கூட விடாமல் எழுதுவாள். (நேரில் 'வாங்க போங்க'தான். இங்கே யார் பார்க்கிறார்கள்? 'எழுதுவாள்' என்றே எழுதுகிறேன்.)

"நானும் கோமுவும் 12ந் தேதி புதன்கெழம காலைல டெல்லி வந்து சேருதோம். எட்டு நாள் இருப்போம். கோமு சொகம். விஜயதசமிக்கு ஏடு தொடங்கியாச்சு. அரிசில 'அ' அழகா எழுதிட்டா. வர்ற ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேக்கணும். ஃபாரத்துல தாய் தகப்பன் பேரு எழுதணுமாம். அதையும் நேர்ல பேசி முடிவு பண்ணிக்கிடலாம். எவ்வளவு சொன்னாலும் என்னையத்தான் அம்மான்னு கூப்பிடுதா. ஒங்க போட்டோவ தெனமும் காட்டத்தான் செய்யுதேன்."

ஏடு தொடங்கியாச்சாம். யாரைக் கேட்டு? என் பிள்ளை யார் மடியில் உட்கார்ந்து 'அ' எழுதினாள்? முடிவு பண்ணுவார்களாம். என்ன முடிவு? பெற்றவள் பெயரை எழுதுவதற்கு என்ன முடிவு வேண்டியிருக்கிறது?

நாலு தடவை படித்தேன். சோறு குழைந்துவிட்டது.

நவம்பர் 3, திங்கள்

ஆஸ்பத்திரி நாள். ஆறரை மணி பஸ். சீட்டுக்கு வரிசை, ரத்தம் எடுக்க வரிசை, டாக்டர் அறை வாசலில் வரிசை. உள்ளே போகும்போது பன்னிரண்டு.

டாக்டரம்மாவோடு படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர். புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றச் சொல்லி ஒவ்வொருவராக அமுக்கிப் பார்த்தார்கள். "வெரி ரேர், வெரி ரேர்" என்று சொல்லிச் சொல்லி ஒருத்திக்கு அவ்வளவு சந்தோஷம். ரேர் என்றால் எனக்கு என்ன, மெடலா குத்தப் போகிறார்கள்?

தோலுக்கு அடியிலே இருக்கிற கொழுப்பு தானாகவே வெந்து வீங்குகிறது. காரணம் தெரியாது. கட்டி, காய்ச்சல், அசைய முடியாத வலி. பிறகு ஆறும். ஆறின இடம் குழி. போய்விட்டது என்று நிம்மதியாகத் தலை பின்னிக்கொள்ளும்போது திரும்பி வரும். இந்த நோய்க்கு இரண்டு வெள்ளைக்காரர்களின் பெயர். இவர் ஆபீஸில் ஒருத்தர் கேட்டாராம், "கொழுப்புல வியாதியா? யாருக்கு, ஒம்ம சம்சாரத்துக்கா?" சிரித்தாராம். இவர் வந்து என்னிடம் சொன்னார் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும்.

இது இன்ன நோய் என்று தெரிவதற்கே ஒரு வருஷம் போய்விட்டது. முதலில் டைபாய்டு என்றார்கள். அப்புறம் டி.பி. ஊசி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி. அப்புறம் ஒரு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு குண்டூசியால் குத்திக் குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். குஷ்டமாக இருக்கலாம், பார்க்க வேண்டும் என்றார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த வாரமே இவர் தந்தி கொடுத்து, மதினி வந்து கோமுவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோமுவுக்கு அப்போது இரண்டு வயதும் ஒரு மாதமும். பிறகு தொடையில் ஆழமாக வெட்டிக் கொழுப்போடு எடுத்துப் பார்த்து, குஷ்டம் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று இந்த டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஊருக்கு அனுப்பினோம். சீட்டு போய்ச் சேர்ந்தது. பிள்ளை வரவில்லை. முதலில் எனக்கு மறுபடி காய்ச்சல், பிறகு மழை, பிறகு அவளுக்குச் சளி, பிறகு எனக்கு மறுபடி. பதினாலு மாதம்.

இன்று மாத்திரை ஆறிலிருந்து ஐந்து. முகத்தைப் பற்றிக் கேட்டேன். கேட்கும்போதே வெட்கம்.

"டாக்டர், சூஜன் கப் ஜாயேகா?" வீக்கம் எப்போது போகும்?

வீக்கம் இல்லை, மாத்திரையால் வந்த சதை என்றார். மாத்திரை குறையக் குறைய வடியும். ஆறு மாதம், எட்டு மாதம் ஆகலாம். "முகத்தைப் பார்க்காதே, உயிரைப் பார்" என்றார் ஹிந்தியில். பேனாவால் சீட்டில் ஒரு கோடு போட்டு, "ஏக்தம் பந்த் மத் கர்னா" என்று இரண்டு தடவை. திடீரென்று நிறுத்தவே கூடாது. உடம்புக்குள்ளேயே இந்த மருந்தைச் சுரக்கிற ஒரு இடம் இருக்கிறதாம். மாத்திரை தின்னத் தின்ன அது தூங்கிவிட்டதாம். மெல்ல மெல்லத்தான் எழுப்ப வேண்டும்.

அச்சா அச்சா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒன்பது நாளில் கோமு வருகிறாள். எட்டு மாதமாம்.

நவம்பர் 4, செவ்வாய்

கா. இல்லை. க. புதியது இல்லை. மா. ஐந்து.

கோமுவுக்குக் காட்டுகிற போட்டோ எது என்று தெரியும். முதல் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்தது. எங்களிடமும் ஒன்று இருக்கிறது. என் இடுப்பில் கோமு. எனக்கு ஒட்டின கன்னம், கூர் மோவாய், கழுத்து எலும்பு தெரியும். அம்மா அப்போது "இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டாத்தான் என்ன" என்று திட்டுவாள்.

கண்ணாடியில் இருக்கிறவள் வேறு ஒருத்தி. பூசணிக்காய். கண் இரண்டும் சதைக்குள் போய்விட்டது. மோவாய் எங்கே ஆரம்பிக்கிறது, கழுத்து எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. பிடரியில் ஒரு திமில். கன்னத்தில் பூனைமுடி, மேலுதட்டில் மீசை. பால் பூத்தில் வரிசையில் நிற்கும்போது முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்கிறேன்.

சாப்பிடும்போது இவரிடம் நேராகவே கேட்டேன். "மதினி என்ன முடிவு பண்ண வாராங்க?"

மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். "அக்கா ஒண்ணும் புடுங்கிட்டுப் போக வரல செண்பகம். கோமு ஒங்கிட்ட ஒட்டிக்கிட்டான்னா இங்கயே இருக்கட்டும். நான் அக்காகிட்ட பேசிக்கிடுதேன். ஒன்னையப் பாத்துப் பயந்து அழுதான்னா... பிள்ளையப் போட்டு வதைக்கக் கூடாதுல்லா? நீயே சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல?"

"எட்டு நாள் இருக்குல்லா. பாப்போம்."

பார்ப்போமாம். எனக்குப் பரீட்சை. மார்க் போடப் போகிறவளுக்கு மூணேகால் வயது.

நவம்பர் 6, வியாழன்

தீபாவளி. நமக்கு இன்று காலை, காலனிக்காரர்களுக்கு நாளை சாயந்திரம். நாலரைக்கு எழுந்து இவருக்கு எண்ணெய் வைத்தேன். எனக்குத் தலையில் மட்டும். தொடையில் எண்ணெய்க்கை பட்டால்கூட உயிர் போகும். நாம் வெடிக்கிற ஒரே ஒரு சரத்துக்கு நாய்கள் எல்லாம் குரைத்தன.

தட்டில் முறுக்கும் மைசூர்பாகும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். பம்மியின் அம்மா நல்லவள். பதினாலு மாதமும் நான் படுக்கும்போதெல்லாம் ரொட்டி சுட்டு அனுப்பியவள். அவள் தங்கை லூதியானாவிலிருந்து வந்திருக்கிறாள். தங்கைக்கு நாலு வயதில் ஒரு பெண். ரிப்பன் கட்டி, மூக்கு ஒழுகிக்கொண்டு.

முறுக்கை நீட்டினேன். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு அடி பின்னால் போனாள். உதடு கோணிற்று. வீறிட்டு அழுதுகொண்டு உள்ளே ஓடிவிட்டாள். கட்டிலுக்கு அடியில்.

"டர் கயீ பிச்சாரி. நயா சேஹ்ரா ஹை நா, பெஹன்ஜி" என்றாள் அந்தத் தங்கை. புது முகம் இல்லையா, அதனால் பயந்துவிட்டது. பம்மியின் அம்மா அவளை முறைத்தாள்.

புது முகம்தான். கோமுவுக்கும் இது புது முகம்தானே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். நல்ல நாளும் அதுவுமாக. முகத்தை அடித்துக்கொண்டேன். அடித்தால் வடியுமா?

நவம்பர் 7, வெள்ளி

கா. இல்லை. மா. ஐந்து. வாயில் போடும்போது ஐந்தையும் பார்த்தேன். சுண்டைக்காய் அளவுகூட இல்லை.

நாளைக்குக் கந்த சஷ்டி தொடங்குகிறது. ஆறு நாள். பிள்ளை வேண்டி இருப்பார்கள், பிள்ளைக்காக இருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. மாத்திரைச் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பிறகு' என்று எழுதியிருக்கிறது. சாப்பாடு இல்லை என்றால்?

நேற்று மத்தியானத்திலிருந்து இதுதான் மண்டைக்குள்.

சாயந்திரம் இவர் வெளித் திண்டில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன். "கோமு நல்லபடியா வரணும். ஆறு நாளும் பால் பழத்தோட சஷ்டி இருக்கலாம்னு பாக்கேன்."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. முருகன் என்றால் இவருக்குக் கேட்கவே வேண்டாம், கழுத்தில் எப்போதும் டாலர். உடனே யோசனை. "மாத்திரை?"

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு எழுதிருக்கே. ஆறு நாள்தானே. ஏற்கெனவே கொறச்சுக்கிட்டுத்தான வாராங்க."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"சாமி காரியத்துக்கு டாக்டர்கிட்டயா கேப்பாங்க?"

மெழுகுவத்தி காற்றில் அணைந்தது, மறுபடி ஏற்றினார். "சரி. அவன் பாத்துக்கிடுவான்" என்றார். எனக்குத் தெரியும், இப்படிக் கேட்டால் மறுக்க அவருக்கு வாய் வராது. தெரிந்துதான் கேட்டேன்.

திடீரென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னதை நான் இவரிடம் சொல்லவில்லை.

இங்கே உண்மையை எழுதிவிடுகிறேன். சாமிக்காக இல்லை. முகத்துக்காக. முருகா, நீ வேண்டுமானால் என்னைத் தண்டித்துக்கொள். என் பிள்ளை என்னைப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் ஓடக் கூடாது.

நவம்பர் 8, சனி

விரதம் 1. மா. இல்லை.

தலை குளித்து விளக்கேற்றினேன். பால் இரண்டு டம்ளர், வாழைப்பழம் ஒன்று. ஜாக்கெட் தைக்கிற இஞ்ச் டேப்பை உச்சந்தலையிலிருந்து மோவாயைச் சுற்றி வைத்து அளந்தேன். இருபத்தாறு.

பசிக்கிறது. மாத்திரை தின்றதிலிருந்து அகோரப் பசி. இவருக்கு வெங்காய சாம்பார் வைக்கும்போது நாக்கில் எச்சில். ஒரு சொட்டு தொட்டு நக்கிவிட்டு, உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பொய் விரதத்துக்கு இது ஒரு கேடா?

கோமுவுக்குச் சரோஜினி நகர் மார்க்கெட்டில் சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினேன். மூணு வயது அளவு சொன்னேன். கடைக்கார பையா "லடுக்கி மோட்டி ஹை யா பத்லி?" என்று கேட்டான். குண்டா, ஒல்லியா? எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளை குண்டா ஒல்லியா என்று தெரியாமல் கடையில் நின்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

விரதம் 2. கா. இல்லை. க. புதியது இல்லை. டேப்: இருபத்தாறு, கொஞ்சம் குறைச்சல் போலத் தெரிகிறது. என் ஆசையாகவும் இருக்கலாம்.

இவர் இங்கே இருக்கிற மலைக் கோயிலுக்குப் போய் முருகனுக்கு என் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். விபூதியைத் தானே பூசிவிட்டார். "ஒடம்பு கொஞ்சம் வாடினாப்ல இருக்கே" என்றார். "நெசமாவா? முகமா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தார்.

மூட்டு எல்லாம் வலி. எழுந்தால் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. பட்டினிதான்.

நவம்பர் 10, திங்கள்

விரதம் 3. டேப்: இருபத்தைந்தரை!

அரை இஞ்ச். மூன்று தடவை அளந்தேன். கண்ணுக்குக் கீழே வடிந்திருக்கிறது. கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டால், பக்கவாட்டில் பார்த்தால், பழையவள் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறாள். எனக்கு வந்த சந்தோஷம். பம்மியின் அம்மாவிடம் போய் முகத்தைக் காட்டினேன். "ஹாய் ரப்பா, முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? போய்ப் படு" என்றாள் ஹிந்தியில். ரசனை இல்லாத பொம்பளை.

பத்து மணிக்குக் குடித்த பால் வாந்தி. மத்தியானம் குடித்ததும் வாந்தி. குடம் தூக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டே பெருக்கினேன். நாக்குக்கு உப்பு வேண்டும் போல இருக்கிறது. உப்பு டப்பாவைத் திறந்து விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றேன். இது என்ன கூத்து.

இடது தொடையில் பழைய கட்டிக்குப் பக்கத்தில் சூடு. தொட்டுப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

விரதம் 4.

காய்ச்சல் நூற்றொன்று. அளந்துவிட்டுத் தெர்மாமீட்டரை உதறி டப்பாவில் போட்டுவிட்டேன். இவருக்குத் தெரியாது.
கட்டி: இடது தொடையில் புதிது மூன்று. வலது தொடையில் இரண்டு. வயிற்றில் ஒன்று, எலுமிச்சை அளவு, செக்கச்செவேல்.

ஐம்பது நாள். எல்லாம் போயிற்று.

மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தேன். திறந்தேன். ஐந்தையும் உள்ளங்கையில் கொட்டினேன். நின்றுகொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. இப்போது போட்டால் கட்டி உடனே அடங்காது, நாலைந்து நாள் ஆகும், தெரியும். வாந்தியில் நிற்குமா என்பதும் சந்தேகம். போடாவிட்டால் நாளைக்கு முகம் இன்னும் கொஞ்சம் வடியும். நாளைக் காலை பத்து மணி வரைக்கும்தானே. கோமு ஒரு தடவை பார்த்துவிடட்டும். ஒரு தடவை அம்மா என்று வந்துவிட்டால் அப்புறம் நான் எப்படி ஊதினாலும் அவள் பயப்பட மாட்டாள். பார்த்த உடனே போட்டுவிடுகிறேன். சத்தியம்.

திரும்ப டப்பாவில் போட்டேன். ஒன்று கீழே உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிய முடியவில்லை.

இவர் வந்து நெற்றியில் கை வைத்தார். கையைத் தட்டிவிட்டேன். "அடுப்படில நின்ன சூடு." நம்பினார். எதையும் நம்புவார். அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. ஏன் நம்புகிறீர்கள்?

நவம்பர் 12, புதன்

இவர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். அந்த நீலப் புடவைதான், போட்டோவில் இருக்கிறது. உடுத்த முக்கால் மணி நேரம். டேப்: இருபத்தைந்து. பேனா நழுவுகிறது. ஆட்டோ சத்தம்

நவம்பர் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரி. பெண்கள் வார்டு, ஜன்னல் ஓரம். வலது கையில் குளுக்கோஸ் ஊசி. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறின மாதிரி இருக்கிறது. டைரியைக் கேட்டேன், இவர் திறக்காமலே கொண்டுவந்து கொடுத்தார்.

புதன்கிழமையை எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் இவர், பெட்டியோடு. பிறகு மதினி. மதினி இடுப்பில் கோமு, தொப்பி மாதிரி ஒரு மப்ளர் கட்டிக்கொண்டு. ஒல்லி. ஸ்வெட்டர் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன், அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

மதினி, "கோமு, யாருன்னு சொல்லு பாப்போம்" என்றாள்.

கோமு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நான் சிரிக்கக்கூட இல்லை, சிரித்தால் கன்னம் உப்பும். அவள் மதினி இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள்.

"போட்டா அம்மா" என்றாள்.

அதுதான் சொன்னாள். தெரிந்துவிட்டது அவளுக்கு. என் பிள்ளைக்கு என்னைத் தெரிந்துவிட்டது. இவர் "பாத்தியா, பாத்தியா" என்கிறார். என்னால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். ஓடிவந்தாள். பிள்ளைகள் எப்படி ஓடிவரும், அப்படியே முழு வேகத்தில் ஓடிவந்து, இரண்டு முழங்காலையும் தூக்கி என் மடியில் குதித்து ஏறினாள்.

இடது தொடையில் மூன்று, வலதில் இரண்டு.

நான் கத்தினேன். அது என் குரல் என்றே எனக்குத் தெரியவில்லை, மாட்டை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். கை தானாகவே தள்ளியது. நான் தள்ளவில்லை, கைதான். கோமு தரையில் போய் விழுந்தாள். பின்மண்டை கதவில் பட்டது. அடி பெரிதாக இல்லை என்கிறார்கள். அவள் அழக்கூட இல்லை. தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

நான் எழுந்து அவளைத் தூக்கப் போனேன். அதற்கு அப்புறம் தெரியாது. விழுந்துவிட்டேனாம். உடம்பு சில்லென்று, நாடி கிடைக்கவில்லையாம். பம்மியின் அப்பா ஸ்கூட்டரில் போய் டாக்ஸி பிடித்து வந்தாராம்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன்.

நவம்பர் 17, திங்கள்

காய்ச்சல் நூறு. கட்டி எண்ணவில்லை. மாத்திரை பன்னிரண்டு, ஊசி தனி. பழைய ஆறைவிட இரண்டு மடங்கு.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். ஐந்து நாள் ஏன் போடவில்லை? இவர் தலையைக் குனிந்துகொண்டு, "வ்ரத் தா, டாக்டர் சாப்" என்றார். விரதம். டாக்டரம்மா இவரைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. படித்தவன்தானே நீ, சர்க்கார் உத்தியோகம்தானே, உன் பகவான் மாத்திரை போடாதே என்று சொன்னாரா, இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பாய். இவர் கழுத்து டாலரைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா போன பிறகு இவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுதார். "நான்தான் செண்பகம். நான்தான் விட்டுட்டேன். டாக்டர்கிட்ட கேக்கணும்னு நெனச்சேன், கேக்காம விட்டுட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும், என்னிடம் இரண்டு தடவை சொன்னார்கள், முகத்துக்காகத்தான் நிறுத்தினேன் என்று. வாய் வரவில்லை. அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தேன்! என்ன ஜென்மம் நான்.

நவம்பர் 18, செவ்வாய்

மதினி மட்டும் வந்தாள். ஃபிளாஸ்கில் கஞ்சி. கரண்டியால் ஊட்டினாள். என் தலையைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். குழி விழுந்த கையைப் பார்த்துவிட்டு, "இப்படியா இருக்கும்? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். சண்டை போட எத்தனை மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். கஞ்சியை விழுங்கினேன்.

"மதினி, கோமு என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லுங்க."

"ராத்திரி முழிச்சுக்கிட்டா. அந்த அம்மா ஏன் கத்துனாங்கன்னு கேட்டா. வலிச்சுச்சு, அதான்னேன். நான் ஏறுனதுலயான்னா. ஆமான்னு சொல்லிட்டேன் தாயி. வேற என்னத்தச் சொல்ல?"

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். வேறென்ன சொல்வது?

வியாழக்கிழமை அவர்களுக்கு டிக்கெட். பள்ளிக்கூட ஃபாரத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போகும்போது "நாளைக்குக் கூட்டிட்டு வாரேன். ஒன்னையப் பாக்காம கூட்டிட்டுப் போவேனா?" என்றாள். கூட்டிக்கொண்டு போவதாக முடிவாகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

கேட்டால் விட்டுவிட்டுப் போவாள். இங்கே யார் பார்ப்பது? இவர் ஆபீஸ், நான் இந்தக் கட்டில்.

நவம்பர் 19, புதன்

காலையில் புகைமூட்டம். பன்னிரண்டு மாத்திரை. கண்ணாடி கேட்கவில்லை.

சாயந்திரம் நாலு மணிக்கு வந்தார்கள். பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். ஆயாவிடம் மதினி கையெடுத்துக் கும்பிட்டதும் "ஜல்தி, ஜல்தி" என்று விட்டுவிட்டாள்.

கோமு மதினி புடவையைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு மூன்று அடி தள்ளி நின்றாள். சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கை மடித்துவிட்டிருக்கிறது. என் முகம் மறுபடி ஊதிவிட்டது, எனக்கே தெரிகிறது. அவள் அதைக் கவனித்த மாதிரியே இல்லை. பயமும் இல்லை. என் போர்வையைத்தான் பார்த்தாள், கால் இருக்கிற இடத்தை.

"கிட்டப் போ கோமு" என்றார் இவர்.

போகவில்லை. கையை நீட்டினேன். அவளும் ஒரு கையை நீட்டினாள், தொடுவதற்குள் எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள். சுடுகிற பாத்திரத்துக்கிட்ட போனவள் மாதிரி.

"வாடா, ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

தலையை ஆட்டினாள். மதினியை அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நாம ஊருக்குப் போயிட்டா இந்த அம்மாவுக்கு வலிக்காதுல்லா?"

மதினி குனிந்து அவள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோமு இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, என்னிடமே கேட்டாள்.

"வலிக்காதுல்லா?"

வலிக்காது என்று சொன்னேன்.